கூரை போட்ட எழுத்து: வேல்ஸ் கிராமத்து இசை விழாவுக்குக் காட்சி அடையாளம் அமைப்பது எப்படி?

வெல்ஷ் மொழியில் திருவிழாவுக்கு ‘கூய்ல்’ என்று பெயர். நான்கே எழுத்து: ஜி, டபிள்யூ, ஒய், எல். அந்த டபிள்யூவின் தலையில் ஒரு சின்னக் கூரை நிற்கும். அது உயிரொலியை நெடிலாக்கும் குறி. ஊர்க்காரர்கள் அதை ‘டோ பாஹ்’ என்பார்கள். ‘குட்டிக் கூரை’ என்றே அதற்குப் பொருள். கூரை போட்ட டபிள்யூ ஆங்கிலத்தில் கிடையாது, பிரெஞ்சிலும் கிடையாது. அதனால் இணையத்தில் இலவசமாகவும் மலிவாகவும் கிடைக்கும் எழுத்துருக்கள் பலவற்றில் அந்த எழுத்தே இருக்காது. விழாவின் பெயரில் வரும் முதல் சொல்லே அச்சில் உடையக்கூடிய சொல் என்பதை வேலை தொடங்கும் நாளிலேயே மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் அதைத் தாமதமாகத்தான் வாங்கிக்கொண்டேன். என் முதல் வேலையில் கணினித் திரையில் எல்லாம் சரியாகவே தெரிந்தது. எழுத்துருவில் இல்லாத அந்த ஒரு எழுத்தை மென்பொருள் சத்தமில்லாமல் வேறொரு எழுத்துருவிலிருந்து கடன் வாங்கிப் போட்டிருந்தது. மூன்று மீட்டர் பதாகையாக அச்சாகி வந்தபோது, தடித்த எழுத்துகளுக்கு நடுவில் ஒல்லியாக ஒரு டபிள்யூ நின்றது. பதாகையைப் பிடித்திருந்த தன்னார்வலர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்த எழுத்தை மட்டும் விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். தமிழ் தட்டச்சு செய்த காலத்தில் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகச் சிதறியதைப் பார்த்தவர்களுக்கு அந்த விரலின் பொருள் புரியும்.

இந்தக் கட்டுரை, விழாவுக்கு இலச்சினை, சுவரொட்டி, பலகை என்று காட்சி அடையாளம் அமைக்கும் இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவருக்காக. வடிவமைப்பு மென்பொருள் உங்களுக்குத் தெரியும், வெல்ஷ் தெரியாது என்று வைத்துக்கொள்கிறேன். நான் பேசப்போவது சிறு விழாக்களைப் பற்றி. டோல்கெத்லாய் என்ற மலையடிவாரச் சிற்றூரில் 1992இல் தொடங்கிய ‘செஷுன் வவுர்’ போன்றவை. கற்பலகைச் சுரங்க ஊரான பிளைனாய் ஃபெஸ்டினியோகில் நடக்கும் ‘கார் குவித்ல்ட்’ போன்றவை.

படி 1: கேட்பது

இந்த விழாக்களைப் பெரும்பாலும் தன்னார்வலர் குழுதான் நடத்தும். ஆசிரியர், பண்ணைக்காரர், கடைக்காரர் என்று நாலு பேர் தேவாலயக் கூடத்திலோ மதுக்கடையின் பின்னறையிலோ கூடுவார்கள். அங்கே போய் உட்காருங்கள். முதல் சந்திப்புக்கு எந்த வரைபடமும் கொண்டுபோகாதீர்கள்.

போன ஆண்டுச் சுவரொட்டிகள் எங்கெங்கே ஒட்டப்பட்டன, எவை மழையில் போயின, மேடையிலிருந்து கூட்டத்தை எந்தச் சொல்லால் அழைப்பார்கள், ஊருக்கு வெளியிலிருந்து வருவோர் எந்த வளைவில் வழி தவறுகிறார்கள் என்று கேளுங்கள். பழைய சுவரொட்டிகளை யாராவது பரணில் வைத்திருப்பார்கள். அவற்றைப் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

கூடவே கொஞ்சம் வரலாறும் பாருங்கள். வெல்ஷ் மொழிப் பாட்டுக்கென ‘சைன்’ என்ற இசைத்தட்டு நிறுவனம் 1969இல் தொடங்கியது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1967இல், டல்-அ-போன்ட் என்ற கிராமத்தில் ‘அ லோல்வா’ அச்சகம் பிறந்தது. மொழிப் போராட்டமும் ராக் இசையும் அந்தத் தலைமுறைக்கு ஒரே மூச்சில் வந்தவை. அதன் வண்ணமும் துடுக்கும் அவ்வச்சகத்தின் சுவரொட்டிகளில் அப்படியே இறங்கியிருக்கின்றன. அபெரிஸ்ட்வித் நகரிலுள்ள வேல்ஸ் தேசிய நூலகத்தில் ஒரு நாள் செலவிட்டால் இந்த மரபைக் கண்ணால் அறியலாம். வெல்ஷ் சுவரொட்டிக்கென்று ஒரு மரபு இல்லை என்ற நினைப்போடு யாரும் கோடு போட ஆரம்பிக்கக் கூடாது.

சந்திப்பு முடிந்து கிளம்பும் முன் ஒரு காரியம் முடிவாக வேண்டும். அச்சுக்குப் போகும் ஒவ்வொரு வெல்ஷ் சொல்லையும் பார்த்து ஒப்புதல் தர ஒரே ஒரு ஆளைக் குழு நியமிக்க வேண்டும். நாலு பேர் பார்ப்பார்கள் என்றால் ஒருவரும் பார்க்கமாட்டார்.

படி 2: எழுத்துருவைத் தேர்வது

உங்கள் நேரத்தில் பாதியை இங்கே செலவிடுங்கள்.

வெல்ஷ் நெடுங்கணக்கில் 29 எழுத்துகள். அவற்றில் எட்டு, கண்ணுக்கு இரண்டு எழுத்தாகத் தெரிந்தாலும் ஒன்றாகவே எண்ணப்படுபவை: சி-எச், டி-டி (dd), எஃப்-எஃப், என்-ஜி, எல்-எல், பி-எச், ஆர்-எச், டி-எச் (th). வெல்ஷ் குறுக்கெழுத்துப் புதிரில் எல்-எல் முழுசாக ஒரே கட்டத்தில் உட்காரும். கே, கியூ, வி, எக்ஸ், இஸட் நெடுங்கணக்கில் இல்லை. கே இல்லாமல் போனதில் அச்சுக்கும் பங்கு உண்டு. 1567இல் புதிய ஏற்பாடு வெல்ஷில் அச்சானபோது, மொழிபெயர்ப்பாளர் வில்லியம் சால்ஸ்பரி கே-க்குப் பதில் சி போட்டார். வெல்ஷுக்கு வேண்டிய அளவு கே அச்சுகள் அச்சகத்தாரிடம் இல்லை என்பதே அவர் சொன்ன காரணம். அச்சுப்பெட்டியில் இருந்த பற்றாக்குறை ஒரு மொழியின் எழுத்தையே மாற்றியது. எழுத்துருவில் ஒரு எழுத்து இல்லை என்றால் விட்டுவிடலாம் என்று தோன்றும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சோதனை. கூரை போட்ட ஏ, இ, ஐ, ஓ, யு ஆகிய ஐந்தும் பழைய மேற்கு ஐரோப்பிய எழுத்துத் தொகுப்பிலேயே உண்டு. அதனால் அவை பெரும்பாலான எழுத்துருக்களில் கிடைக்கும். கூரை போட்ட டபிள்யூவும் ஒய்யும் அதில் இல்லை. யூனிகோடில் அவற்றின் சிற்றெழுத்து எண்கள் 0175, 0177. பேரெழுத்துகள் 0174, 0176. எழுத்துருவை வாங்கும் முன் இந்த நான்கும் உள்ளனவா என்று பாருங்கள். ‘கூய்ல்’, வீடு எனப் பொருள்படும் ‘டீ’, நீர் எனப் பொருள்படும் ‘டூர்’ ஆகிய மூன்று சொற்களையும் எல்லாத் தடிமனிலும் அடித்துப் பாருங்கள். சாதாரணத் தடிமனில் கூரை இருக்கும், மிகத் தடித்ததில் இருக்காது. இப்படியும் நடக்கும்.

எழுத்து இருந்தால் மட்டும் போதாது. வெல்ஷில் ஒய்யும் டபிள்யூவும் உயிரெழுத்துகள், வரிக்கு வரி வரும். ஒய்யின் வால் கீழே தொங்கும், டபிள்யூவின் கூரை மேலே எழும். வரிகளை நெருக்கி அடுக்கினால் மேல்வரி வால் கீழ்வரிக் கூரையில் குத்தும். ஆங்கிலச் சுவரொட்டியில் அழகாக நெருங்கிய வரி இடைவெளி இங்கே செல்லாது. முழுக்கப் பேரெழுத்தில் போட்டால் வால் பிரச்சினை தீரும், கூரை இன்னும் உயரும். பதாகையின் மேல் ஓரத்தில் வெட்டுப்படாமல் இடம் விடுங்கள்.

எல்-எல் இன்னொரு சோதனை. சில எளிய எழுத்துருக்களில் சிற்றெழுத்து எல், பேரெழுத்து ஐ, எண் ஒன்று மூன்றும் ஒரே குச்சியாக இருக்கும். வெல்ஷ் ஊர்ப்பெயர்களில் அது குச்சி வேலியாகிவிடும். சிற்றெழுத்து எல்லின் அடியில் சிறு வளைவுள்ள எழுத்துருவாகப் பாருங்கள். எழுத்துகளை அகலப் பரப்பும்போது இரட்டை எழுத்தின் இரு பாதிகளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகாமல் கொஞ்சம் நெருக்கிவையுங்கள். செங்குத்தாக அடுக்கினால் எல்-எல் ஒரே வரியில் நிற்க வேண்டும். ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்தால் படிப்பவர் கண்ணில் எழுத்து பிளந்துபோகும். சொல்லின் முதலெழுத்து மட்டும் பெரிதாக வரும் இடத்தில் முதல் எல் மட்டுமே பேரெழுத்து.

கலைஞர் பட்டியலை அகரவரிசைப்படுத்தினால் வெல்ஷ் வரிசையையே பின்பற்றுங்கள். சி-யில் தொடங்கும் எல்லாம் முடிந்த பிறகே சி-எச். டி முடிந்த பிறகே டி-டி. கணினியின் ஆங்கில வரிசையாக்கம் இதைக் கலைத்துப் போட்டுவிடும். கையால் சரிசெய்யுங்கள்.

தட்டச்சுக்கு: விண்டோஸில் ‘விரிவாக்கப்பட்ட பிரிட்டன்’ விசைப்பலகையைத் தேர்ந்து, வலப்பக்க ஆல்ட் விசையுடன் 6ஐ அழுத்தி, பிறகு எழுத்தைத் தட்டினால் கூரை விழும். குழுவில் சுவரொட்டி திருத்தப்போகும் ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். கூரை விட்டுப்போனாலோ வேண்டாத இடத்தில் விழுந்தாலோ வேறு சொல்லாகிவிடும் இடங்கள் உண்டு. கூரையில்லாத ‘டன்’ என்றால் ‘வரை’. கூரை போட்ட ‘டான்’ என்றால் ‘நெருப்பு’. “இரவு 11 வரை” என்று எழுதப்போய்க் கூரை விழுந்தால் நெருப்பு என்று அச்சாகிவிடும்.

படி 3: சொல்லின் தலை மாறும்

வெல்ஷில் ஒரு சொல்லின் முதல் எழுத்து, முன்னால் வரும் சொல்லைப் பொறுத்து மாறும். நம் புணர்ச்சியில் சொற்கள் சந்திக்கும் இடத்தில் மாற்றம் நிகழ்வதுபோலத்தான். ஆனால் இங்கே ஊர்ப்பெயரின் தலையே மாறிவிடும். டோல்கெத்லாய் ஊரில் என்றால் ‘அன் நோல்கெத்லாய்’. அந்த ஊருக்கு என்றால் ‘இ தோல்கெத்லாய்’. ‘மவுர்’ என்றால் பெரிய. பெண்பால் சொல்லான ‘செஷுன்’ முன்னால் வந்ததால் அது ‘வவுர்’ ஆகியிருக்கிறது.

இதில் வடிவமைப்பாளர் மாட்டிக்கொள்ளும் இடம் நம் ‘கூய்ல்’ தான். பெண்பால் சொல், ‘அந்த விழா’ என்று சுட்டும்போது ஜி கழன்று ‘அர் ஊய்ல்’ ஆகிவிடும். வெள்ளிக்கிழமைக்கு ‘குவெனெர்’ என்று பெயர். வெள்ளி இரவு என்றால் ‘நோஸ் வெனெர்’, அங்கும் ஜி கழன்றுவிடும். நீங்கள் ஜி-யை அலங்கரித்து இலச்சினை ஆக்கினால், அறிவிப்புகளில் பாதி இடத்தில் உங்கள் நாயகன் காணாமல் போவான். ஜி கழன்றாலும் கூரை போட்ட டபிள்யூ மட்டும் போகாது. அதனால்தான் புதியவர்களிடம் நான் முதலில் அந்த எழுத்தை வரையச் சொல்கிறேன். இரண்டு பள்ளத்தாக்கு, அவற்றின் மேல் ஒரு முகடு. கூடாரமாகவும் பார்க்கலாம். அந்த மண்ணை மொழியே வரைந்து வைத்திருக்கிறது. ஒரு எச்சரிக்கை: இந்த யோசனை மற்றவர்களுக்கும் வரும். பக்கத்து ஊர் விழாவோ கடையோ ஏற்கெனவே அதைப் பயன்படுத்துகிறதா என்று பார்த்த பிறகே கை வையுங்கள்.

நடைமுறையில் செய்ய வேண்டியது: விழாப் பெயரை இலச்சினையில் மாறாத ஒரே வடிவில் பூட்டுங்கள். வாக்கியத்துக்குள் அந்த இலச்சினையைப் படமாகச் செருகாதீர்கள். அங்கே சாதாரண எழுத்தில், இலக்கணம் கேட்கும் வடிவில் வரட்டும். ஊர்ப்பெயரை மட்டும் மாற்றிப் போடும் அச்சுவார்ப்புகளைச் செய்யாதீர்கள். “இன் ... ” என்று வெற்றிடம் விட்டு ஊரை நிரப்புவது ஆங்கிலத்தில் நடக்கும், வெல்ஷில் நடக்காது.

படி 4: எதை வரைவது

சிவப்பு டிராகன், டாஃபடில் பூ, லீக் தண்டு, செம்மறியாடு. இவை வெளியூர்க்காரர் வேல்ஸ் என்றதும் நினைப்பவை. ரக்பி நாளில் அவற்றுக்கு இடமுண்டு. ஊர்க்காரர்கள் ஊர்க்காரர்களுக்காக நடத்தும் விழாவுக்கு, இந்த ஊரில் மட்டும் இருக்கிற ஒன்றைத் தேடுங்கள். ‘கார் குவித்ல்ட்’ என்ற பெயரையே பாருங்கள். ‘வெறிபிடித்த வண்டி’ என்று பொருள். சுரங்கத் தொழிலாளர்கள் வேலை முடிந்ததும் சரிவுத் தண்டவாளத்தில் மலையிறங்கப் பயன்படுத்திய சின்னஞ்சிறு பலகை வண்டி அது. அந்த ஊர்ப் பாட்டனார்கள் வீடு திரும்பிய வேகம் அந்தப் பெயரில் இருக்கிறது. இப்படி ஒன்று கிடைத்தால் நீங்கள் வரைய வேண்டியது பாதி முடிந்தது.

கற்பலகைகளை நட்டுக் கம்பியால் பிணைத்த வேலிகள், ஊர்த் தேவாலயத்தின் கல்லில் பொறித்த எழுத்து, கம்பளி நெசவின் கட்டம் என்று எதுவாகவும் இருக்கலாம். குழுவிடம் காட்டும்போது யாராவது ஒருவர் “அது எங்கள் மூலைவீட்டு வேலிதானே” என்று சொன்னால் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள்.

தொடக் கூடாத ஒன்றும் உண்டு. அபெரிஸ்ட்வித்துக்குத் தெற்கே சாலையோரம் ஒரு பாழ்ச்சுவர் நிற்கிறது. சிவப்பில் வெள்ளை எழுத்தாக ‘ட்ரவெரினை மறவாதீர்’ என்ற வாசகம் அதில். லிவர்பூல் நகரத்துக்குத் தண்ணீர் கொடுக்க 1965இல் நீர்த்தேக்கத்தில் மூழ்கடிக்கப்பட்ட, ட்ரவெரின் பள்ளத்தாக்கிலிருந்த கேபல் கெலின் என்ற வெல்ஷ் கிராமத்தின் நினைவு அது. 2019இல் அந்தச் சுவர் சேதப்படுத்தப்பட்டபோது நாடெங்கும் மக்கள் தங்கள் சுவர்களில் அதே வாசகத்தை எழுதினார்கள். அந்த எழுத்தும் அந்தச் சிவப்பும் பார்க்க வலுவானவை. மதுக்கூடப் பலகைக்கு அவற்றைக் கடன் வாங்கத் தோன்றும். வேண்டாம். குழுவே கேட்டு, காரணம் சொன்னால் மட்டும் யோசியுங்கள்.

படி 5: நிறம்

இங்கே நீண்ட பேச்சு தேவையில்லை. ‘கிளாஸ்’ என்ற வெல்ஷ் சொல்லுக்கு இன்று நீலம் என்று பொருள். ஆனால் புல்லுக்கு ‘கிளாஸ்வெத்ல்ட்’ என்று பெயர், ‘கிளாஸ் நிற வைக்கோல்’. பழைய வழக்கில் புல்லின் பச்சையும் மலையின் சாம்பலும் வானின் நீலமும் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கின. தூறலில் ஒரு மலைச்சரிவைப் பார்த்தால் ஏன் என்று விளங்கும். அந்தச் சொல்லையே உங்கள் அடிப்படை வண்ணத் தொகுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ஒரே ஒரு சூடான நிறம் சேருங்கள்: கோர்ஸ் புதரின் மஞ்சளோ, ஆகஸ்டில் பூக்கும் ஹெதர் செடியின் ஊதாவோ. பச்சை வயலில் பச்சைப் பலகை மறைந்துபோகும். வழிகாட்டிப் பலகைகளுக்கு அந்தச் சூடான நிறமே.

படி 6: இரண்டு மொழி, ஒரு பலகை

2021 கணக்கெடுப்பின்படி வேல்ஸில் மூன்று வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 17.8 சதவீதம், ஏறத்தாழ 5,38,000 பேர், வெல்ஷ் பேசத் தெரிந்தவர்கள். டோல்கெத்லாய் இருக்கும் குவினெத் மாவட்டத்தில் அது 64.4 சதவீதம். கேட்க வருகிறவர்களில் மொழி தெரியாதவர்களும் கற்றுக்கொண்டிருப்பவர்களும் கட்டாயம் இருப்பார்கள். 2011ஆம் ஆண்டுச் சட்டம் வெல்ஷுக்கு வேல்ஸில் அதிகாரபூர்வ மொழித் தகுதி கொடுத்தது. அதன்கீழ் வந்த விதிகள் பொது நிறுவனங்களின் பலகைகளில் வெல்ஷ் முதலில் படிக்கப்படும்படி அமைய வேண்டும் என்கின்றன. தன்னார்வ விழாவை அந்த விதி நேரடியாகக் கட்டாது என்றாலும், நிதி கொடுப்பவர்களின் நிபந்தனைகளைக் குழுவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் தீர்மானம் இது. விழாவின் பெயர், கலைஞர் பெயர்கள், மேடை, வாழ்த்து எல்லாம் வெல்ஷில் மட்டும். ஒருவர் தெரிந்துகொள்ளாவிட்டால் ஆபத்தோ அலைச்சலோ வரும் இடத்தில் ஆங்கிலமும் சேரட்டும்: முதலுதவி, வாகனம் நிறுத்துமிடம், சீட்டு விலை. அந்த ஆங்கிலம் சிறிதாக, ஆனால் படிக்கக்கூடியதாக. கழிப்பறை, உணவு, மதுக்கூடத்துக்குப் படக்குறியும் வெல்ஷும் போதும். அவசர வழிப் பலகைகளின் பச்சைக் குறியை மட்டும் ஒருபோதும் உங்கள் பாணிக்கு மாற்றாதீர்கள்.

இலக்கணத்தின் சின்ன விவரங்களும் அடையாளத்தின் பகுதிதான். மாலை 7 மணி என்பதற்கு ஆங்கிலச் சுருக்கம் போடாதீர்கள். ‘அர் ஹுயிர்’ என்பதன் முதலெழுத்துகளான ஒய்-எச் போடுவார்கள். ‘இப்போது’ என்பதற்கு வடக்கில் ‘ரூவன்’, தெற்கில் ‘நவுர்’. எழுத்துகளைத் திருப்பிப் போட்டால் ஒன்று மற்றதாகும். குவினெத்தில் ‘சீட்டுகள் இப்போது விற்பனையில்’ என்று தெற்கத்திச் சொல்லில் எழுதினால் தலைநகரத்திலிருந்து வந்த சுவரொட்டி என்று நினைப்பார்கள்.

இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே அச்சுக்கு அனுப்பாதீர்கள். பாங்கோர் பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘கிசித்ல்’ என்ற பிழைதிருத்தி இருக்கிறது. அது முதல் சல்லடை. கடைசிச் சல்லடை அந்த ஒரு ஆள். 2008இல் ஸ்வான்சியில் ஒரு சாலைப் பலகைக்கு மின்னஞ்சலில் மொழிபெயர்ப்பு கேட்டபோது “நான் இப்போது அலுவலகத்தில் இல்லை” என்ற தானியங்கிப் பதில் வெல்ஷில் வந்தது. அதுவே மொழிபெயர்ப்பு என்று எண்ணிப் பலகையில் எழுதிச் சாலையில் நட்டுவிட்டார்கள். கேட்டவருக்கு வெல்ஷ் தெரியாது, இடையில் தெரிந்த ஒருவர் பார்க்கவும் இல்லை.

படி 7: மழை, காற்று, வேலி

கோடையிலும் மழை வரும் என்று வைத்துக்கொண்டே வடிவமையுங்கள். காகிதச் சுவரொட்டி கடைக் கண்ணாடிக்கு உள்ளே மட்டும்; ஏ3 அளவே போதும், ஏ2 ஒட்டச் சொன்னால் கடைக்காரர் தயங்குவார். வெளியே எல்லாம் நெளிவுப் பிளாஸ்டிக் பலகை, நாலு மூலையிலும் துளை, கேபிள் டை. பெரிய பதாகைகளுக்குக் காற்று ஊடுருவும் வலைத்துணி கேளுங்கள். முழுத்துணிப் பதாகை பாய்மரம்போல் விம்மி வேலியையே சாய்த்துவிடும்.

ஒட்டுத்தாளில் எழுத்தை வெட்டி ஒட்டும்போது கூரை தனித் துண்டாக வரும். முதலில் உரிவதும் அதுதான். அப்படி ஒட்டுவதானால் கூரையைத் தடித்து, ஓரங்களை உருட்டி, உதிரியாக இருபது கூரை வெட்டி உறையில் போட்டுக் கொடுங்கள். மரத்திலோ உலோகத்திலோ அறுத்தெடுத்தால் கூரையை டபிள்யூவோடு சிறு பாலத்தால் இணைக்க வேண்டியிருக்கும். துளைத்தகடு வைத்து வண்ணம் தெளிப்பதில் இந்த எழுத்துக்கு நல்ல நேரம்: டபிள்யூவுக்குள்ளும் கூரைக்குள்ளும் மூடிய வெளி இல்லை, அதனால் ஓ, ஏ போலப் பாலம் வைக்கத் தேவையில்லை. கறுப்புத் தாள் சுற்றிய தீவன உருளைகள் எல்லா வயலோரத்திலும் கிடக்கும். பண்ணைக்காரர் அனுமதித்தால், ஒரு மீட்டர் துளைத்தகடும் வெள்ளை வண்ணமும் இளம் விவசாயிகள் மன்றத்துப் பிள்ளைகளும் சேர்ந்து ஒரே மாலையில் ஊரை விழாவாக்கிவிடுவார்கள்.

சாலையோரப் பலகைக்கு முன்கூட்டியே மாவட்ட மன்றத்தின் அனுமதி கேளுங்கள். உள்ளூர்ச் சாலைகள் குறுகலானவை, இருபுறமும் உயர்ந்த புதர்வேலி. வளைவில் ஓட்டுநருக்குக் கிடைப்பது ஓரிரு நொடி. ஒரு அம்பு, ஒரு சொல், உங்கள் சூடான நிறம். கலைஞர் பெயர்ப் பட்டியலை அங்கே போடாதீர்கள். இரவில் அந்தச் சாலைகளில் விளக்கு கிடையாது. அம்புக்கு மட்டுமாவது ஒளி எதிரொளிக்கும் தாள் ஒட்டுங்கள்.

படி 8: கறுப்பு வெள்ளையிலும் கைபேசியிலும்

வேல்ஸில் ‘பபிர் ப்ரோ’ என்று வட்டாரத்துக்கு வட்டாரம் வெல்ஷ் மாத இதழ்கள் உண்டு. 1970களில் தொடங்கிய இயக்கம். பிளைனாய் ஃபெஸ்டினியோகின் ‘த்லவார் ப்ரோ’ 1975 முதல் வருகிறது. இணையம் பார்க்காத பாட்டிமார்களுக்கு விழாச் செய்தி போய்ச்சேர்வது இதன் வழியாகத்தான். மாதம் ஒருமுறை வருவதால் கடைசித் தேதியை முதலிலேயே கேளுங்கள். இலச்சினை ஒரே நிறத்தில், தபால்தலை அளவில், ஒளிநகல் எடுத்தாலும் புரிய வேண்டும். புரிந்தால் கைபேசியிலும் புரியும், அதற்குத் தனிச் சோதனை வேண்டாம். இணைய முகவரியில் மட்டும் கூரையை விட்டுவிடுங்கள். அதைத் தட்டத் தெரியாதவர்களும் வந்துசேர வேண்டும்.

படி 9: ஒப்படைப்பது

அடுத்த ஆண்டு நீங்கள் இருக்க மாட்டீர்கள், ஒரு தன்னார்வலர் சமையலறை மேசையில் உட்கார்ந்து திருத்துவார். அவரிடம் விலையுயர்ந்த மென்பொருள் இருக்காது. எனவே இலவசக் கருவியில் திறக்கும் வார்ப்புகள் நாலைந்து, உரிமம் தெளிவான எழுத்துரு, இரண்டு பக்கக் குறிப்பு இவ்வளவும் கொடுங்கள். குறிப்பை வெல்ஷில் எழுதித்தர அந்த ஒரு ஆளைக் கேளுங்கள். நிதி கொடுத்தவர்களின் சின்னங்கள் வரிசையாக நிற்க அடியில் ஒரு பட்டை விட்டிருங்கள். அவை கடைசி நாளில்தான் வந்துசேரும்.

பலகைகளில் ஆண்டும் தேதியும் அச்சடிக்காதீர்கள். தேதிக்கு மட்டும் தனிப் பட்டை, மாட்டிக் கழற்றும்படி. விழா முடிந்த திங்கட்கிழமை நீங்களும் போய்க் கேபிள் டைகளை வெட்டிப் பலகைகளைக் கழுவி அடுக்குங்கள். எது வெளுத்தது, எது வளைந்தது, எந்தக் கூரை உரிந்தது என்று எழுதி, அந்தத் தாளைப் பலகைக் கட்டோடு சேர்த்துக் கட்டிக் களஞ்சியத்தில் வைத்துவிட்டு வாருங்கள்.